கிட்டில் ஏறாத உன் கோப்புகள்

உன் மடிக்கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கித்தான் அலுவலகத்தில் கொடுத்தார்கள். விசைகளின் இடுக்கில் மட்டும், ஐந்தருவிக் கடையில் நீ வாங்கித் தின்னும் நேந்திரங்காய் சிப்ஸின் தூள் அப்படியே கிடக்கிறது. தட்டிவிட மனம் வரவில்லை. முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுத முகமில்லை.

நம் நிரல் முழுவதும் தென்காசி அலுவலகக் கணினியில் ஒரே ஃபோல்டரில் இருந்தது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவி வழியாக அதை நான் புதுப்பிப்பேன். உனக்கோ இலத்தூரில் சாரல் விழுந்தாலே இணைப்பு அறுந்துபோகும். அதனால் மாறிய கோப்புகளை மட்டும் ஆர்சிங்க் மூலம் நேராக அந்த ஃபோல்டருக்கு அனுப்பி வைப்பாய். இணைப்பு நன்றாக இருக்கிற நாளில் கிட்டில் ஏற்றுவாய். ஒரு கருவி செய்தது மற்றதற்குத் தெரியாது. ஆகவே நாம்தான் போனில் சொல்லிக்கொள்வோம்.

"ஏட்டி, எம்புள்ளைய அங்கன படுக்கப் போட்டிருக்கேன். உன் கிட்டை வச்சு எழுப்பிராத" என்பாய். அனுப்பிய கோப்புகள்தான் உனக்குப் பிள்ளை.

"உன் புள்ளைக்கும் சேத்து நானே துணி மாத்தணுமாக்கும்? சீக்கிரம் தூக்கிட்டுப் போ" என்பேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. மறு வாரம் வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினியில் நுழைந்து வேலைக்கு உட்கார்ந்தேன். மடியில் பாப்பா, பல் முளைக்கிற அழுகை. தனக்குத் தெரியாத கோப்புகள் கிடப்பதாகக் கிட் காட்டியது. யாருடையவை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கிட்டில் இல்லாத எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். அரிசி ஆலைக்காக நீ எழுதி முடித்திருந்த, நெல் எடையைக் கணக்கிடும் பகுதி அத்தனையும் போயிற்று. உன் கணினியை அதற்குள் துடைத்திருந்தார்கள். வேறு நகல் இல்லை.

முதலாளி அண்ணாச்சி தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம், முடிக்காமலே போயிட்டா போல. முடிச்சாச்சுன்னு எங்கிட்டச் சும்மா சொல்லியிருக்கா."

"இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

வேலை போய்விடுமோ என்ற பயம். பாப்பாவை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்ய இந்த ஊரில் வேறு வேலை எங்கே? ஆனால் அழித்தது யோசிக்காமல். "இருக்கும்" என்றது தெரிந்தேதான். அதற்குப் பிறகு பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூட அந்தச் சொல் நெஞ்சில் வந்து நிற்கிறது.

இன்று அலுவலகத்துக்கே போய்ச் சொன்னேன். "அவ சொன்னது நெசம் அண்ணாச்சி, முடிச்சுத்தான் வச்சிருந்தா. நாந்தான் அழிச்சேன்."

அவர் திட்டவில்லை. "கைப்புள்ளக்காரி, ஒறக்கமில்லாமக் கெடக்குத. விடு தாயி, திரும்ப எழுதிக்கிடலாம்."

"மில்லுக்காரங்ககிட்டயும் அவ முடிக்கலைன்னுதான சொல்லியிருக்கீங்க?"

"போனவளுக்கு இனி என்ன? சோலியப் பாரு."

அவர் எதிரிலேயே மில்லுக்குப் போன் போட்டேன். நீ சொன்ன நாளில் முடித்துவிட்டாய், பிழை என்னுடையது என்றேன். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எடைப் பகுதியை இப்போது நான் எழுதுகிறேன். ஈர நெல்லுக்கு எடை கழிக்கிற இடத்தில் வந்து நிற்கிறேன். ஏதோ சுலபமான வழி கண்டுபிடித்ததாகச் சொன்னாயே, அது பிடிபடவில்லை. உனக்குப் பிறகு அந்தக் கோப்புகளின் முன்னால் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.