கரையேறத் தெரியாத ஆடுகள்

ஆகஸ்ட் 31
காலை ஆறு மணிக்கே நானும் நாய் பெரோவும் மோர்வாவில். பௌர்ணமி, அமாவாசை வந்தால் இந்த உப்புச் சதுப்பு முழுக்கக் கடல் ஏறிவிடும். பக்கத்துப் பண்ணை இட்வாலின் ஆடுகள் அரை மணி முன்னதாகவே தாமாக மேட்டுக்கு வந்துவிட்டன. என்னுடையவை ஓடை பெருகுவதை வேடிக்கை பார்க்கின்றன! முழங்கால் சேற்றில் இறங்கி ஓட்டினேன்.

தப்பு என்னுடையதுதான். முழங்கால் ஆபரேஷனுக்குப் போகுமுன் பழைய மந்தையை மொத்தமாக விற்றேன். வழிகாட்ட இரண்டு கிழட்டு ஆடுகளையாவது வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? பிறகு வாங்கியவை மலையில் வளர்ந்தவை. அவை கடலை எங்கே கண்டன?

செப்டம்பர் 2
மூன்று நாளில் ஐந்து தடவை இறங்கி ஓட்டியாயிற்று. முழங்கால் வீங்கிவிட்டது.

செப்டம்பர் 11
கார்டிஃபிலிருந்து மகள் எலீரி போனில், கூட வந்து இருக்கச் சொல்கிறாள். பிரசவம் மாதக் கடைசியில். வருடத்தின் பெரிய கடலேற்றமும் அப்போதுதான். இழுத்தேன் — ஆடுகளை யார் பார்ப்பது என்று.

"ஆடா, நானான்னு சொல்லிடும்மா. நான் மாமியாரைக் கூப்பிட்டுக்கறேன்."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 16
இட்வால் வேலியில் சாய்ந்து சிரிக்கிறான்.

"ரோன்வென், நீ நாயை அனுப்புற வரைக்கும் அதுங்க ஏன் நடக்கணும்? நாயைக் கட்டு. என் ஆடுங்களப் பாத்துக் கத்துக்கட்டும்."

"முழுகிட்டா?"

"ஒண்ணு ரெண்டு போகும்."

அவனுக்கென்ன, சொல்லுவான். அவன் ஆடா போகப்போகிறது?

செப்டம்பர் 17
கட்டினேன். இட்வாலின் ஆடுகள் புறப்பட்டன. என்னுடையவை நின்று என்னையே பார்த்தன. தண்ணீர் கால்களைத் தொட்டது. பெரோ சங்கிலியை இழுத்துக் கத்தினான். அவிழ்த்துவிடக் கை போனது — போகட்டும், நில்லுடி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடைசியில் காது கிழிந்த ஒருத்தி நடந்தாள். மற்றவை பின்னால்.

இரண்டு வரவில்லை. ஓடை அடித்துப் போய்விட்டது. நான்தான் கொன்றேன். அழுதேன்.

செப்டம்பர் 29
எலீரி ஆஸ்பத்திரியில். பையைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். பெரோவை இட்வாலிடம் விட்டேன். அவிழ்த்துவிடாதே என்றேன். ஏறினால் ஏறட்டும், செத்தால் சாகட்டும்!

அக்டோபர் 1, கார்டிஃப்
பெண் குழந்தை. எலீரி நேற்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. காலை எட்டரைக்கு இட்வால் போன் செய்தான். நான் வைத்ததும் அவள் திரும்பாமலே கேட்டாள்:

"ஆடுங்களா?"

"ஆமா."

"வந்துடுச்சா?"

"எல்லாமே. தானா."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு குழந்தையை என் மடியில் போட்டாள்.

"அப்ப ஒரு வாரம் இரு."