ஜைத்தூன் வந்த பிறகு

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. கரையான்சாவடி ரோடு முழுக்கப் புழுதி.

நாத்தனார் நஸ்ரீன் ஷார்ஜாவிலிருந்து வந்தாள். அண்ணனுக்கு நெஞ்சுக் கோளாறு என்று தெரிந்ததிலிருந்து அங்கே இருப்புக் கொள்ளவில்லையாம். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஜைத்தூன். ஆலிவ் என்று மேலே எழுதியிருக்கிறது. பச்சைக் காய் ஒரு பாட்டில், கறுப்பு ஒரு பாட்டில், எண்ணெய் தனி.

"அண்ணி, இதுல இருக்குறது நல்ல கொழுப்பு. ரத்தக் குழாய்க்கு நல்லது. அங்க எல்லாரும் தினமும் சாப்பிடுறாங்க."

இவர் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இன்றைக்குத்தான். இதயம் சரியாக பம்ப் பண்ணவில்லை என்று ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நிறுத்தியாயிற்று. என் குழம்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன்.

ஜூலை 6, ஞாயிறு

கரண்ட் இல்லை. மாவு புளித்துவிட்டது.

அடுப்படி நஸ்ரீன் கையில். காயை நறுக்கித் தயிரில் போட்டாள். பூண்டோடு அரைத்துச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று. தக்காளியோடு ரொட்டி மேல் வைத்து ஒன்று. தோசையில்கூடத் தூவினாள். எனக்குக் கசந்தது. இவர் தட்டை வழித்தார். "ரஹிமா, இப்பதான்டி நாக்குன்னு ஒண்ணு இருக்குறதே தெரியுது" என்றார்.

சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும்.

ஜூலை 9, புதன்

இவர் எடையைப் பார்த்தேன். இரண்டு கிலோ கூடியிருக்கிறது. நஸ்ரீன் என்னைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா அண்ணி, அண்ணன் தேறிட்டாரு!"

இவருக்கும் தெம்பு. பூட்டிக் கிடக்கிற சீட் கவர் கடையைத் திறக்கப் போகிறாராம். கிளம்பும்போது செருப்பு நுழையவில்லை. குனிந்து பார்த்தேன். பாதம் பளபளவென்று உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"உக்காந்தே கெடந்தா வீங்காம என்ன செய்யும்? நீ வேற."

கடைக்கும் போகவில்லை. டாக்டரிடமும் போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி



ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இழுக்கிறார், உள்ளே போகவில்லை. உதடு நீலம். நஸ்ரீன் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள்.

"இன்னாக்கா, அண்ணாத்தேக்கு இப்டி மூச்சு வாங்குது? ஏறு, ஏறு. பேசிக்கினு நிக்காத." பூந்தமல்லி நெரிசலில் ஆரனை விடாமல் அமுக்கிக்கொண்டே போனான் அந்த ஆட்டோக்காரன். நல்லா இருக்கட்டும்.

நுரையீரலில் நீர். இவரை உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டரம்மா வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன்.

"ஆலிவ் நல்லதுதாம்மா. அதுல தப்பில்ல. ஆனா பாட்டில்ல வர்றது உப்புத் தண்ணியில ஊறினது. ஊறுகாய் வேணாம்னு சொன்னோமில்ல? இதுவும் ஊறுகாய்தான். அந்த உப்பு உடம்புல தண்ணியக் கட்டி வெச்சிடுச்சு. கூடின எடை சதை இல்ல, தண்ணி."

நஸ்ரீன் என் பின்னால் நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜூலை 12, சனி

ஊசி போட்டு நீரை வெளியேற்றுகிறார்கள். கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை நிறைந்துகொண்டே இருக்கிறது. முகம் வற்றி யாரோ மாதிரி.

நஸ்ரீன் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எங்கண்ணன நானே கொன்னுருப்பேன் அண்ணி." கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது எனக்கு. நிஜம். அப்புறம் அவள் தாடை நடுங்குவதைப் பார்த்தேன். இவருக்கும் அப்படித்தான் நடுங்கும். "நீ என்ன விஷமா குடுத்தே? வா, டீ குடி" என்றேன்.

டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். போன தடவையைவிட இதயம் இன்னும் தளர்ந்திருக்கிறதாம். போன பலம் திரும்பாதாம். இனி இப்படி வருவதும் போவதுமாகத்தான் இருக்குமாம்.

மாத்திரை வாங்கினேன். இவருக்குக் கைலி ஒன்று கொண்டுவர வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

வீடு வந்தாயிற்று. காயைத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் கொடுக்கலாமா என்று நஸ்ரீன் நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். உள்ளே இறங்கிய உப்பு முழுசாகப் போகாது, வேண்டாம் என்றாராம். எண்ணெய் ஒரு ஸ்பூன் பரவாயில்லை, அதில் உப்பு இல்லை. வெந்த காய்கறி மேல் விட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவிக் கொடுத்தாள். இரண்டு வாய். தட்டைத் தள்ளிவிட்டார்.

"உப்பில்லாம எத்தன நாளுடி?"

"பேசாம சாப்பிடுங்க."



ஜூலை 17, வியாழன்

தூறல். நஸ்ரீன் கிளம்பினாள். லீவு முடிந்துவிட்டது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ வர்றப்ப…" என்றவள் முடிக்கவில்லை. இவர்தான், "ஒண்ணும் கொண்டு வராதே. நீ வந்தா போதும்" என்றார். வண்டி திரும்பும் வரை ஜன்னலில் நின்றார்.

மத்தியானம். இவருக்குப் படுத்தால் மூச்சு அடைக்கிறது. தலையணை அடுக்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கட்டிலில் திரும்பி உட்கார்ந்து, என் முதுகில் சாயச் சொன்னேன். சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. இவர் மூச்சு ஏறி இறங்குவது என் முதுகெலும்பில் தெரிகிறது. அப்படியே இருந்துதான் எழுதுகிறேன். கால் மரத்துவிட்டது. அசைய மாட்டேன்.