டாங்க் கேமுக்கு எந்தப் போர்ட்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே கொளுத்துகிறது. கேஸ் புக் செய்ய வேண்டும். இட்லி மாவு தீர்ந்தது.

கவிதா போன். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டதால் யாரும் பார்க்க வரக் கூடாதாம். போன வாரம் கோவிலம்பாக்கத்தில் அவள் வீடுவரை போயும் சூப் தூக்குவாளியை கேட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஜன்னலில் கையாட்டினாள், அவ்வளவுதான். அடுத்த திங்கள் மறுபடி ஆஸ்பத்திரி.

"எல்லாரும் எங்கிட்ட மெதுவா பேசறாங்கடி ஷமீ. கடுப்பா இருக்கு. அந்த டாங்க் கேம் இன்னும் வச்சிருக்கியா?"

காலேஜ் படிக்கும்போது பொத்தேரி ஹாஸ்டலில் கவியும் நானும் ஒயர் இழுத்து ரூமுக்கு ரூம் டாங்க் ஓட்டிச் சண்டை போட்ட கேம். இருக்கிறது. பீரோ மேல்தட்டில், சிடி. என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. என் வீட்டுக்காரர் ரஃபீக் தன் மொபைல் கடையிலிருந்து சிடி டிரைவ் ஒன்று கொண்டு வந்தார். ஏறிவிட்டது. அதே பழைய இசை. கைகள் பரபரத்தன. கவிக்கும் பிரதி அனுப்பினேன்.

ஆனால் இன்டர்நெட் ஆட்டம் என்ற பொத்தான் செத்துக் கிடக்கிறது. கம்பெனி எப்போதோ சர்வரை மூடிவிட்டது. மிச்சம் ஒரே வழி: ஒருவர் ஆட்டத்தைத் திறக்க, மற்றவர் ஐபி முகவரி போட்டு நேராக உள்ளே வருவது. ரவுட்டரில் தேவையான போர்ட்டுகளைத் திறக்கவும் என்கிறது உதவிப் பக்கம். எந்தப் போர்ட் என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸ் வேலை வீட்டிலிருந்தே. மதியம் வரை ஒழுங்காக.

பழைய ஃபோரம்களில் ஆளுக்கொரு எண். எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போர்ட் என்றால் என்ன என்று ரஃபீக் கேட்டார். ஐபி அபார்ட்மென்ட் முகவரி, போர்ட் ஃபிளாட் நம்பர் என்றேன். நம்பர் தெரியாமல் பார்சல் வந்தால் வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். நம் ரவுட்டர்தான் வாட்ச்மேன்.

சப்பாத்தி தேய்க்கும்போது தோன்றியது. ஊரெல்லாம் ஏன் கேட்க வேண்டும்? வீட்டில் இரண்டு லேப்டாப் இருக்கிறது. இரண்டிலும் கேமை ஓடவிட்டு, நடுவில் என்ன போகிறது என்று நானே பார்க்கலாமே. பிழைப்பே சாஃப்ட்வேர் டெஸ்டிங். இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா. சப்பாத்தி ஒன்று கருகியது.

ஜூன் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ரஃபீக்கை ஹாலில் உட்கார வைத்தேன். நான் பெட்ரூமில், நெட்வொர்க்கில் போவதையெல்லாம் காட்டும் புரோகிராமோடு. அவர் உள்ளே வந்ததும் டிசிபி வகைப் போர்ட், 34980. சரி, ஆட்டத்துக்கு முன் எல்லாரும் காத்திருக்கும் லாபிக்கு அது. ஆட்டம் தொடங்கியதும் திரை முழுக்க வேறொன்று கொட்டியது: யுடிபி வகை, 34987. ஃபோரத்தில் ஒருவர்கூடச் சொல்லாத எண். எழுந்து ஹாலுக்கு ஓடினேன். அவருடைய டாங்க் ஆற்றுக்குள் நின்றது. பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

இரண்டையும் ரவுட்டரில் திறந்து கவியைக் கூப்பிட்டேன். அவளுக்கு என் ஆட்டமே தெரியவில்லை. தேடிப் பார்த்ததில், எங்கள் தெருவுக்கே சேர்த்து ஒரே பொது ஐபியாம். வெளியிலிருந்து யாரும் நேராக என் ரவுட்டரைத் தொட முடியாது. தனி ஐபி வேண்டும். இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த அண்ணனுக்குப் போன்.

"இன்னாக்கா, யாரும் கேக்காதத கேக்கற. ஆபீஸ்ல சொல்லி வைக்கறேன், நாளைக்கு வந்துரும்."

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் இரும்புலியூர் பக்கம் நல்ல மழை. துணி நனைந்தது, போகட்டும். தனி ஐபி வந்தது.

லாபியில் "கவி" என்று பெயர் வந்து நின்றது. பச்சை எழுத்து. போனில் இருவரும் கத்தினோம். தொடங்கு பொத்தானை அழுத்தினேன். கட். மறுபடியும் கட்.

"விடுடி, பரவால்ல" என்றாள். அந்தக் குரல் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி பேப்பரில் கையெழுத்துப் போடும்போதும் இதே குரல்தான்.

விடவில்லை. அந்த நெட்வொர்க் புரோகிராமின் பதிவைப் பார்த்தேன். என் பக்கத்திலிருந்து அவளுக்கு 34987-இல் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து பதிலே இல்லை. இது ஒருவர் மட்டும் கதவு திறக்கும் கேம் இல்லை. ஆடுகிற ஒவ்வொருவர் வீட்டிலும் திறக்க வேண்டும். அவளுடைய ரவுட்டரும்தான். நல்லவேளை, அவள் வீட்டில் தனி ஐபி ஏற்கெனவே உண்டு.

ஜூன் 13, வெள்ளி

கவியின் கணவர் செந்திலிடம் பேசினேன். டபுள் ஷிப்ட், ஞாயிறு செய்து தருகிறேன் என்றார். நல்ல மனிதர். ஆனால் திங்கள் அட்மிஷன். ஞாயிறு செய்து, அதுவும் சரியாகாவிட்டால்? கவியிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ரவுட்டர் ஹால்லதான் கீது. நான் நடக்கமாட்டேனா?"

பின்னால் அவள் அம்மா, படுத்துக்கொள் என்று சொல்வது கேட்டது. கவி எழுந்துவிட்டாள். செருப்புச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகப் படித்தாள். கட்டிலுக்குத் திரும்பி லேப்டாப்பில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தாள். நான் சொல்லச் சொல்ல எண்ணைப் போட்டாள். ஓரிடத்தில் டிசிபி என்றிருப்பதை யுடிபி ஆக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "மாத்திட்டேன், நீ வாத்தியார் மாதிரி பேசாத."

தொடங்கு. திரை கறுத்தது.

பிறகு பாலைவனம். தூரத்தில் ஒரு சிவப்பு டாங்க், தள்ளாடித் தள்ளாடி என்னை நோக்கி வந்தது. அது அவள்தான். எனக்குக் கண் மங்கிவிட்டது. துடைப்பதற்குள் சுட்டுவிட்டாள்.

"விட்டுக் குடுத்தியா?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. அப்போது அவள் அம்மா கஞ்சி கொண்டு வந்து, போதும் வா என்று கூப்பிட்டார்.

"அங்க வைம்மா. இவள இன்னொரு தடவ கொன்னுட்டு வரேன்."

அம்மா சிரித்தது எனக்கும் கேட்டது. இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழு மூச்சாக, ஈவிரக்கமே இல்லாமல் ஆடினேன். அப்படியும் தோற்றேன்.