தோல் மெத்தைக்கு எண்ணெய் போட்டது யார்

7 ஜனவரி 1934

இன்று கார் வந்தது. நெல்லியாம்பதியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்கே திரும்பிப் போகிறாராம். அவரிடமிருந்து அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். மாசியில் பெரியப்பா மகள் கல்யாணம். பெண்ணை இதில்தான் அழைத்துப் போவார்களாம்.

வெளியே கறுப்பு. உள்ளே செம்பழுப்பு நிறத் தோல் மெத்தை, ஆனால் வறண்டு, கோடையில் குளத்துச் சேறு வெடித்தது மாதிரி வெடித்திருக்கிறது. முன் மெத்தைக்கு எதிரே இருந்த சிறு அறைக்குள் ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. காரைப் பேணும் முறை பற்றியது. அப்பா அதை எல்லார் முன்னாலும் என் கையில் கொடுத்து, "எங்க சரசு நாலாவது பாரம் படிக்குது. அது படிச்சுச் சொல்லட்டும்" என்றார்.

பெரியப்பா சிரித்தார். "படிச்சுட்டு அதுவே ஓட்டிருமாக்கும்."

எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. சந்தோஷத்தால்தான்.

9 ஜனவரி

தோலுக்குப் பூச ஒரு எண்ணெயின் பெயர் போட்டிருக்கிறது. அகராதியில் தேடினேன். மாட்டுக் கால்களை வேகவைத்து எடுப்பதாம். அகராதியை மூடிவிட்டேன். அப்பாவிடம் "ஏதோ சீமை எண்ணெயுங்கப்பா, இங்க கெடைக்காது" என்றேன்.

12 ஜனவரி

எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று நல்லெண்ணெய் போட்டேன். ஒரு செம்பு நிறைய. மினுமினு என்று அழகாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரம். அப்புறம் மலைக் கணவாய்க் காற்று எழுந்தது. கோயமுத்தூர்ச் சீமைப் புழுதி முழுவதும் வந்து மெத்தையில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் எறும்பு. அம்மா பார்க்கப் போய் உட்கார்ந்தாள். எழுந்தபோது சேலையின் பின்பக்கம் முழுக்கக் கறை.

பெரியப்பா: "ஏன் அம்மிணி, காருக்குச் சனி நீராட்டா? சீயக்காயும் போட்டுத் தேச்சிருக்கலாமே!"

ஓட்டுநர் குப்பண்ணன் மாமா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

15 ஜனவரி. பட்டிப் பொங்கல்

மாடுகளுக்குப் போட்டது போலவே காருக்கும் மாலை போட்டு, விளக்குக் கண் இரண்டுக்கும் பொட்டு வைத்தார்கள்.

கிணற்றுமேட்டில் மாடு கட்டி இழுக்கும் கவலை ஏற்றம் சும்மா நின்றது. நீர் இறைக்கும் சாலின் கீழே தொங்கும் தோல்வாலைத் தொட்டுப் பார்த்தேன். வருஷக்கணக்காக வெயிலிலும் தண்ணீரிலும் கிடப்பது. துணி மாதிரி மெத்தென்று இருக்கிறது! வெடிப்பே இல்லை. இதற்கு எண்ணெய் போடுகிறவருக்குத் தெரியாததா?

அவர் பெயர் ஆசீர்வாதம். ஊருக்குத் தள்ளி, தெற்கு வளவுக் குடிசைகளில் இருக்கிறார். எங்கள் ஐந்து கிணற்றுக்கும் அவர்தான் தோல் வேலை. பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியது இல்லை.

20 ஜனவரி

பேசினேன். மேற்குத் தோட்டத்தில் தோல்வால் தைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் இருப்பதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முதலில் அழுக்கு எடுக்க வேண்டும், நீர் அதிகம் படக் கூடாது, எண்ணெயை வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஊறவிட வேண்டும், கடைசியில் வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் ஒன்றும் ஒட்டக் கூடாது.

கேட்கக் கேட்கச் சிரித்தார். "இதுக்கா சீமையில புஸ்தகம் போட்டிருக்கறாங்க? இது எங்க தெனப்படிச் சோலிதானுங்க அம்மிணி."

"எங்க காருக்கு எது போடலாமுங்க?" என்று கேட்டேன். 'ங்க' போட்டுவிட்டேன். அவர் சுற்றிலும் பார்த்தார், யாராவது கேட்டார்களா என்று.

"தோலைக் கைல தொட்டுப் பாத்தாத்தானுங்க சொல்ல முடியும்."

"அப்ப வாங்க. பூசத்துக்கு எல்லாரும் பழனிக்கு நடக்கறாங்க. அப்ப வாங்க" என்றேன்.

நான்தான் வரச் சொன்னேன். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

28 ஜனவரி

வந்தார். அப்பா, பெரியப்பா, குப்பண்ணன் மாமா எல்லாரும் காவடியோடு போய்விட்டார்கள். அம்மா பெரியப்பா வீட்டில் கல்யாண முறுக்குச் சுடப் போயிருந்தாள்.

வண்டிக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள ஏறோணுங்களா?" ஏறாமல் எப்படிப் பூசுவது என்றேன். கால் கழுவிக்கொண்டு ஏறினார். மெத்தையில் உட்காரவே இல்லை; காலடிப் பலகையில் முழங்காலிட்டே எல்லாம் செய்தார். தோலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பூந்திக்கொட்டை நுரையால் என் நல்லெண்ணெயை எடுத்தார். கொண்டுவந்திருந்த விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேன்மெழுகைக் கரைத்தார். "கொழுப்புச் சேத்தா இன்னும் நல்லா ஊறுமுங்க. உங்க ஊட்டுக்கு வேண்டாம்னு மெழுகோட விட்டுட்டேன்."

ஒரு விரல் நுனி அளவு எடுப்பார். உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பார். அப்புறம் காத்திருப்பார். நான் ஒரு செம்பு ஊற்றியது நினைவுக்கு வந்தது. விட்டுப்போன தையலையும் வளைந்த ஊசியால் போட்டார். மத்தியானத்துக்குள் மெத்தை இளகி, உள்ளேயிருந்து நிறம் வந்தது.

"வெள்ளைத் துணி இருக்குதுங்களா?" என்னுடைய பள்ளிக்கூடக் கைக்குட்டையைக் கொடுத்தேன். துடைத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அதை என் கையில் தராமல் கார்ப் படியில் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

2 பிப்ரவரி

திரும்பி வந்தார்கள். அப்பா காரைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"புஸ்தகத்தைப் பாத்தா செஞ்சே?"

"ஆமாங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான்.

3 பிப்ரவரி

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் அப்பா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். பெரியப்பாகூட மெத்தையைத் தடவி, "சரசு கை பட்டா நல்லாத்தான் இருக்குது" என்றார்.

என் கை.

5 பிப்ரவரி

எப்படி எழுதுவது. பெரியப்பா இன்று காரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஐயோ!" என்று துள்ளினார். மெத்தை மடிப்பில் ஊசி. வளைந்த ஊசி. குப்பண்ணன் மாமா எடுத்துப் பார்த்து, "இது ஆசீர்வாதத்து ஊசியாச்சுங்களே" என்றார்.

கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் சன்னலுக்குப் பின்னால், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு.

"காருக்குள்ள ஏறுனியாடா?" என்றார் பெரியப்பா.

என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். சன்னல் பக்கமே திரும்பவில்லை.

"ஏறுனேனுங்க எசமாங்க. காரைப் பாக்கோணும்னு ஒரு ஆசைங்க. தப்புத்தானுங்க."

"ஆசையா? களவாங்கவா?"

பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனி எங்கள் கிணறு எதிலும் அவருக்கு வேலை கிடையாது. குடிசை எங்கள் நிலத்தில் இருப்பதால் மாசி முடிவதற்குள் பிரித்துக்கொண்டு போக வேண்டும்.

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? சொன்னால் யார் நம்புவார்கள் என்றா? அல்லது நானே சொல்வேன் என்று —

நான் சன்னலைச் சாத்தினேன்.

6 பிப்ரவரி

சொல்லோணும். சொல்லீரோணும். நாளைக்கு.

7 பிப்ரவரி

தீட்டுக் கழிக்கிறார்கள். பெரியப்பா முன்னே நின்று சாணியும் கோமியமும் கரைத்துக் குடம் குடமாக மெத்தையில் ஊற்றச் சொன்னார். நீர் அதிகம் படக் கூடாது என்று புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அதையும் நான் சொல்லவில்லை.

மெத்தையே மாட்டுத்தோல். அதன் மேல் ஒருவர் கை பட்டது தீட்டு. அது தீர மாட்டுச் சாணி. இதை யாரிடம் கேட்பது?

12 பிப்ரவரி

ஐந்து நாள் காற்று. மெத்தை கருவாடு மாதிரி விறைத்துவிட்டது. ஓரமெல்லாம் வெடிப்பு, நடுவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நாற்றம் வேறு.

அப்பா: "கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்குது சரசு. மறுபடியும் அந்தப் புஸ்தகத்தைப் பாத்துச் செஞ்சுரு."

"செரிங்கப்பா."

13 பிப்ரவரி

விளக்கெண்ணெயும் மெழுகும் காய்ச்சினேன். கட்டிகட்டியாக நிற்கிறது. தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை கொப்பளித்தது. கைக்குட்டையால் துடைத்தால் மஞ்சளாக ஒட்டுகிறது. அவர் கை என்ன செய்தது என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேனே. பார்த்தது போதவில்லை.

15 பிப்ரவரி

பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது ஆசீர்வாதத்தின் மனைவி மூக்கம்மாள் வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆட்டிடம்தான் பேசினார்.

"ஏண்டி கருப்பி, இந்த அம்மிணிக்கு நாக்கு இங்கிலீசுல மட்டுந்தான் பேசுமாட்டம் இருக்குது? தமிழ்ல பேசுனா ஒட்டிக்குமோ? நீயே பரவால்லடி, 'மே'ன்னாவது சொல்றே."

நான் நின்றேன். அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். குடிசையின் ஒரு பக்கத்துக் கூரையை அதற்குள் பிரித்துவிட்டார்கள். பானைகள் வெளியே கவிழ்த்து வைத்திருந்தன.

இன்று இலக்கணப் பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்தார்கள். முதல் மதிப்பெண் எனக்கு. வெக்கமா இருக்குது.

16 பிப்ரவரி

அப்பாவிடம் சொன்னேன். கிணற்றுமேட்டில். கவலை நின்றுபோய் மூன்று நாளாகிறது. தோல்வால் கிழிந்து, தைக்க ஆள் இல்லை. மாடுகள் சும்மா அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடலைச் செடி வாட ஆரம்பித்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். வரச் சொன்னது நான், ஏறச் சொன்னது நான், ஊசி எப்படி வந்தது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பெரியப்பனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். "சந்தையில நான் அத்தனை பேருகிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மிணி. அவன் எங்காச்சும் எஸ்டேட்டுப் பக்கம் போய்ப் பொழச்சுக்குவான்."

என் அப்பா இப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. அப்புறம் யோசித்தேன். பதினொரு நாளாக நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்காமல்.

18 பிப்ரவரி

இன்று பெரியப்பா வீட்டில் முகூர்த்தக்கால் நட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா, சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். காரைச் சுற்றிப் பார்த்தவர்கள் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா அவசரமாக, "அது ஒண்ணுமில்லீங்க. களவாணிப் பயல் ஒருத்தன் உள்ள ஏறிக் கெடுத்துப்போட்டான். எங்க சரசு புஸ்தகம் பாத்துச் செரி பண்ணிரும்" என்றார்.

"இல்லீங்க பெரியப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான் செய்யலீங்க. ஆசீர்வாதம்தான் செஞ்சாரு. நான்தான் வரச் சொன்னேன். அவரு கெடுக்கலீங்க. அவரு போனதுக்கப்பறம் மெத்தை நல்லா இருந்துது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள், நான் நகரவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். "அப்ப இதுக்குள்ள சாணியைக் கரைச்சு ஊத்துன மகராசன் யாருங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!"

பந்தல்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதி என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

19 பிப்ரவரி

முடிவு ஆகிவிட்டது. ஆசீர்வாதம் குடிசையிலேயே இருக்கலாம். கிணற்று வேலையும் உண்டு, கடலை காய்கிறதே. காருக்குள் மட்டும் ஏறக் கூடாது. குப்பண்ணன் மாமா மெத்தைகளைக் கழற்றி வேலிக்கு வெளியே புளிய மரத்தடியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அங்கே எண்ணெய் போடட்டும். திரும்ப மாட்டும்போது தண்ணீர் தெளித்துக்கொள்வார்களாம். 'தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம்' என்று பெரியப்பாவே சொன்னார்.

எனக்கு: வருஷப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும். அப்பா தடுக்கவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைப் பெரியப்பா வாங்கிக்கொண்டார்.

21 பிப்ரவரி

நாளைக்குக் கல்யாணம். இரண்டு நாளாக மரத்தடியில் வேலை நடந்தது. இன்று போனேன். யாரும் தடுக்கவில்லை, என்னிடம் யாரும் பேசுவதே இல்லை.

வெடிப்புகள் முழுக்கப் போகவில்லை. "சாணித் தண்ணி உள்ள எறங்கிருச்சுங்க. இதுக்கு மேல வராது" என்றார். விறைப்பு போயிருந்தது. நாற்றமும் இல்லை.

"என்னை மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா எங்கூட்டுக்காரி கூரையைப் பிரிச்சிருக்க மாட்டாளுங்க. இனி ஓலை முடையோணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

பிறகு, "துணி கொண்டாந்தீங்களா?"

கைக்குட்டையை நீட்டினேன். வாங்கி மெத்தையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்தித் துடைத்தார். திருப்பித் தரும்போது நான் கையை நீட்டியபடி நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார். வேலிப் பக்கம் பார்த்தார். கைக்குட்டையை மெத்தை மேல் வைத்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையை விளக்கடியில் விரித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒன்றும் ஒட்டவில்லை.