சிவப்பு நூல், நீல நூல்

நியானேசோ
6 நவம்பர் 2018

அன்புத் தம்பி போட்வேக்கு,

அக்கா எழுதுகிறேன். இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். தங்கம் தோண்டுகிறவன் மூன்றாம் முறையாக வந்துவிட்டுப் போனான். மாமா எனக்கு விட்டுப்போன கொக்கோத் தோட்டத்தைக் கேட்கிறான். கிறிஸ்துமஸுக்குள் கையெழுத்து வேண்டுமாம். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

ஏன் என்பாய். நான் கசப்புப் போக விதையை வாழையிலையில் மூடி ஏழு நாள் புளிக்க வைக்கிறேன், நடுவில் இரண்டு முறை கிளறுகிறேன். பக்கத்துத் தோட்டத்து ஓபிரி மூன்றாம் நாளே வாரி வெயிலில் போட்டுவிடுகிறான். கொள்முதல் கொட்டகையில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள், ஒரே விலை. எடைக்காரரிடம் கேட்டால், "ரெண்டும் கொக்கோதானேக்கா, கப்பல் ஏறினப்புறம் யாரு பாக்கப்போறா?" என்கிறார். எனக்கு வெறுத்துவிட்டது.

உன் அக்கா,
அஃப்ரியே


டெமா
14 நவம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே.

நாலு வருடமாக இந்தப் பட்டறையில் சாக்லேட் செய்கிறேன். எனக்கு வருவதெல்லாம் கலந்த மூட்டைதான். ஒரே தோட்டத்து விதை எப்படி ருசிக்கும் என்று எனக்கே தெரியாது, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன்னுடையதில் ஒரு பை, ஓபிரியுடையதில் ஒரு பை அனுப்பு. உன் பைக்குச் சிவப்பு நூல், அவன் பைக்கு நீலம் கட்டி வேன்காரர் லார்யேயிடம் கொடு. உன் விதை உண்மையிலேயே உசத்தி என்றால், அதைத் தனி மூட்டையாகக் கூடுதல் விலைக்கு எனக்குப் பிரித்துத் தரக் கொள்முதல்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

உன் தம்பி,
போட்வே


நியானேசோ
27 நவம்பர் 2018

தம்பி,

இரண்டு பையும் லார்யேயிடம் கொடுத்திருக்கிறேன். நீ சொன்னபடியே நூல் கட்டியிருக்கிறது. விதையை எதில் வறுப்பாய்? எவ்வளவு நேரம்? தோலை என்ன செய்வாய்? ஐம்பது வயதாகிறது, என் விதைக்கு அப்புறம் என்ன ஆகிறதென்று இன்னும் தெரியாது.

ஒன்று மட்டும். வேர்க்கடலைச் சூப்பை நான் அடிப்பிடிக்க விட்ட அன்றும் "அருமைக்கா" என்று இரண்டு முறை வாங்கிக் குடித்தவன் நீ. அந்த வேலையை இதில் காட்டாதே.

அஃப்ரியே


டெமா
12 டிசம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஒவ்வொரு பையிலும் ஐம்பது விதையை எடுத்துக் குறுக்கே வெட்டினேன். சிவப்பு நூல் பையில் பாதிக்கு மேல் உள்ளே ஊதா, சரியாகப் புளிக்காத விதையின் நிறம். வறுத்த பிறகும் நாக்கைப் பிடித்து இழுத்தது, அப்படியொரு கசப்பு. நீலப் பையில் எல்லாமே நல்ல பழுப்பு. வறுக்கும்போதே அந்த வாசனையில் பட்டறையில் வேலை நின்றுவிட்டது. அச்சு வார்க்கும் அடோலே ஓடிவந்து, "யாரு தோட்டத்துது இது? மூட்டையை விட்டுடாத, போய் வாங்கு" என்றாள்.

சூப்பு விஷயத்தில் பொய் சொன்னேன், இதில் முடியவில்லை. உன் விதையை நான் வாங்க முடியாது அக்கா. ஏழு நாள் வைத்தும் எங்கே தவறுகிறதென்று புரியவில்லை. இனி விதைக்கு நான் ஓபிரியிடம்தான் பேச வேண்டும். நிலத்தை உன் விருப்பப்படி செய். என்னைத் திட்டிக்கொள், ஆனால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதே.

போட்வே


நியானேசோ
20 டிசம்பர் 2018

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது தங்கம் தோண்டுகிறவன் பேனாவோடு என் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். "என்ன எழுதியிருக்காங்க?" என்றான். "என் விதை கசக்குதாம்" என்றேன். "அப்புறமென்ன, கையெழுத்தைப் போடுங்க" என்றான். நான் சிரித்த சிரிப்பில் அவனே எழுந்து நின்றுவிட்டான்.

நூலை மாற்றிக் கட்டியது நான்தான். நீலம்தான் என்னுடையது.

சிவப்பை நீ புகழ்ந்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். சொந்தத் தம்பியின் நாக்கும் எடைக்காரர் தராசும் ஒன்றுதான் என்று முடிவு கட்டியிருப்பேன். ஏழு நாள் வீணில்லை என்று ஒருவராவது சொல்லிவிட்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். தங்கம் தோண்டுகிறவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். மூட்டை தனியாக வரும், விலையைச் சரியாகப் பேசு.

நீலத்தில் செய்த சாக்லேட் ஒன்று எனக்கு அனுப்பு, அது எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். சிவப்பிலும் ஒன்று செய்து அனுப்பு. அது ஓபிரிக்கு.

உன் அக்கா,
அஃப்ரியே