போட்டோவுக்கு நிற்காத ஜமேதார்

சேசு மரி சூசை

மூணாறு,
16-11-1957

அன்புள்ள மகன் இன்னாசிராஜுக்கு,

அம்மா செபமாலையம்மாள் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மழையையும் என் முழங்கால் வலியையும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். கோயமுத்தூரில் நீயும் மருமகள் தொற்காளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பியிருக்கிறேன். அவளுக்கு வாந்தி நின்றதா? நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி டியூட்டி பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொல். நர்சு வேலை பார்க்கிறவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் இருவரையும் நம் நாய் ஜமேதாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். அப்பா காப்பி குடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் சற்று உரக்கப் படித்தேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ புராட்டஸ்டண்டுக் கோயிலில் போய்த் தாலி கட்டிய நாள் முதல் உன் பெயர் அவர் வாயில் வருவதில்லை. இது உனக்கும் தெரியும். அன்றைக்கும் காப்பியில் சீனி குறைவு என்றுதான் சொன்னார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரமே, துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார் என்று பாக்டரி வாசலில் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மூணாற்றில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நல்லதம்பி ஜீப்பில் போட்டோப் பெட்டியோடு வந்திருந்தார். கங்காணிமார் எல்லோரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வர, உன் அப்பா மட்டும் ஜமேதாரையும் இழுத்துக்கொண்டு போனார். நாய் எதற்கு என்று ஆபீஸ் கிளார்க்கு கேட்டதற்கு, அதுவும் இந்த எஸ்டேட்டில் காவலுக்கு இருக்கிற ஆள்தானே என்றார். அது ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று கயிற்றைப் பக்கத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியின் காலில் கட்டியிருக்கிறார். அது துரை உட்காரும் நாற்காலி என்று அவருக்குத் தெரியவில்லை.

நல்லதம்பி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். காட்டுப்பன்றியை ஓட ஓட விரட்டிய நம் ஜமேதார் ஒரு ஊளை ஊளையிட்டு, நாற்காலியோடு தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. அதே நேரம் துரை உட்காரப் போனார். தரையில்தான் உட்கார்ந்தார். அப்பாவுக்கு வேலை போயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம். நல்ல வேளை, துரைசானி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததால் துரையும் சிரித்தார். துரை சிரித்ததால் கிளார்க்கு சிரித்தார். நாற்காலியை மறுநாள் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் ஓடைப் பக்கத்திலிருந்து தூக்கி வந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் அப்பா நல்லதம்பியை ஜீப்பில் ஏற விடாமல் பிடித்துக்கொண்டார். புலிக்கே பயப்படாத நாய் ஒரு மரப்பெட்டிக்கு ஏன் பயப்படுகிறது என்று கேட்டார். (அது எந்தப் புலியைப் பார்த்தது என்று எனக்குத் தெரியாது.) நல்லதம்பி பொறுமைசாலி. “அண்ணாச்சி, நாய்க்கு நாய் நேருக்கு நேர் முறைச்சுப் பாத்தா சண்டைக்குக் கூப்பிடுததுன்னு அர்த்தம். இந்தக் கண்ணாடி இமைக்காமலே முறைக்குல்லா? போதாததுக்கு இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்த மனுசன் துணிக்குள்ள போயிட்டான். மூணு காலோட தலையில்லாம ஒண்ணு நிக்கி. நான் நாயா இருந்தாலும் ஓடத்தான் செய்வேன்” என்றார். எல்லா நாயும் ஓடாதாம். பஜாரில் திரியும் நாய்கள் பெட்டிக்கு முன்னால் படுத்துத் தூங்குமாம். புதுச் சாமான் எதையும் பார்க்காமல் வளர்ந்த நாயும், எப்போதோ வெடிச் சத்தத்தில் மிரண்ட நாயும்தான் ஓடுமாம். ஜமேதார் குட்டியாக இருந்தபோது அதன் காதுப் பக்கத்தில் துரையின் துப்பாக்கி வெடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. நீ அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய்.

பெட்டியைப் பழக்க வேண்டும், அதன் பக்கத்தில் தீனி வைக்க வேண்டும், உற்றுப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நல்லதம்பி போனார். அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்ததை யாரிடமும் சொல்லாதே.

அப்பா மூன்று கம்பை ஒன்றாகக் கட்டி, அதன்மேல் காலிப் பால் டின்னை வைத்து, தினம் வேலை முடிந்து வந்ததும் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதன் பின்னால் குனிந்து நிற்பார். கம்புக்கடியில் கருவாடு. ஜமேதார் முதலில் கட்டிலுக்கடியில் கிடந்து உறுமியது. பிறகு கருவாட்டை மட்டும் எட்டி எடுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டுக் குருவம்மாள் கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டு, கங்காணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கோயில் உபதேசியாரைத் தீர்த்தத்தோடு கூட்டி வந்துவிட்டாள். உபதேசியார் வாசலில் நின்று செபத்தை ஆரம்பிக்க, கம்பளிக்குள்ளிருந்து அப்பா, “சத்தம் போடாதிய ஐயா, நாய் இப்பத்தான் உக்காருது” என்றார். உபதேசியார் விஷயத்தைக் கேட்டுக்கொண்டதும், வெளி ஆள் நின்றாலும் நாய் பழக வேண்டுமே என்று அப்பா அவரையும் கம்பளிக்குள் நிற்கவைத்தார். பாவம், அவருக்கு ஆஸ்துமா வேறு.

நல்லதம்பி போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வந்தார். நாயை மட்டும் எடுத்தால் போதும் என்று அப்பா அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் கழுத்துப் பட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும், அதற்காகத் தானும் நிற்பதாகச் சொன்னார். நாயைப் பிடிக்கிறவருக்குக் கோட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. காலையிலேயே சவரம் செய்து, மீசைக்கு எண்ணெய் தடவி, கோட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போடச் சொன்னபோதும் கேட்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “ஏளா, நீயும் வந்து நில்லு. உன்னைக் கண்டா அது பயப்படாது” என்றார். நான் மாற்றுச் சேலை கட்டி வருகிறவரை பொறுத்திருந்தார்.

ஜமேதார் எங்கள் நடுவில் துரை மாதிரி உட்கார்ந்தது. பெட்டியைப் பார்த்தும் அசையவில்லை. நல்லதம்பி துணிக்குள் போனார், அப்போதும் அசையவில்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருந்த உபதேசியாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் நல்லதம்பி வெளியே வந்து, படம் பிடிக்கக் கையிலிருந்த ரப்பர் உருண்டையை அமுக்கப் போனார். உருண்டையைப் பற்றி எங்களுக்கு யார் சொன்னார்கள்? அது புஸ்ஸென்றதும் ஜமேதார் பட்டையை உருவிக்கொண்டு பறந்தது. அப்பா கையை நீட்டி வாய் திறந்து கத்தினார். அதற்குள் உருண்டை முழுதும் அமுங்கி, அந்த நேரத்தில்தான் படம் விழுந்திருக்கிறது.

அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் புகை மாதிரி தெரிவது ஜமேதாரின் பின்பக்கம். கண்ணை மூடிக்கொண்டிருப்பது நான். அப்பா நாயைக் கூப்பிடுகிறார் என்றுதான் படத்தைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும், அவர் கூப்பிட்டது “ஏலே இன்னாசி” என்று. நீயும் அதுவும் சேர்ந்தே ஓடித் திரிந்த காலத்தில் பழகிய வாய். அப்புறம் முகம் கழுவப் போனவர் குழாயடியில் ரொம்ப நேரம் இருந்தார்.

படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாய் சரியாக விழவில்லை, இருந்தாலும் கேட்டவர்களுக்கு அனுப்பிவிடு என்றார். தானே தபாலாபீசுக்குக் கொண்டுபோகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அதனால் நான் இதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உடுமலைப் பாதையில் மறையூருக்கு மேலே மழையில் ரோடு கெட்டுப்போயிருக்கிறது, கிறிஸ்துமஸுக்குள் சரிபண்ணிவிடுவார்கள் என்றார். சற்றுக் கழித்து, “மாசமா இருக்கிற பிள்ளை பஸ்ல பின்னால உக்காரக் கூடாது. குலுக்கும். டிரைவர் பக்கத்துல முன் சீட்டுக் கேட்டு உக்காரணும்” என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

மாதா உங்கள் இருவரையும், வரப்போகிற பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். டிரைவர் பக்கத்துச் சீட்டை முன்கூட்டியே சொல்லிவை, ராசா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
செபமாலையம்மாள்