வீடு வீடாகப் போன பந்து

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, என்னையும் பந்துக்குப் பின்னால் ஓடவைத்த மாப்பிள்ளை ராமையாவுக்கு,

மச்சான் காத்தமுத்து எழுதுகிறேன். நீ போய் நாலு வருஷம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். கேள், உனக்கு உரிமை உண்டு. சிகாமட் வாசகசாலையில் மாதம் ஒரு கையெழுத்து ஏடு போடுகிறார்கள். அது தோட்டம் தோட்டமாகக் கைமாறிப் போகிறது. அதில் சேர்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்துப் பாடாங் திடலில் ரயில்வேக்காரர்களை நாலுக்குப் பூஜ்யம் என்று அடித்தோம். ஆமாம், அதே ரயில்வேக்காரர்கள்தான். உன் காலத்தில் நம்மை வருஷா வருஷம் துவைத்துக் காயப்போட்டவர்கள். இந்தத் தடவை நம் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்குக் கோப்பையே கிடைத்துவிட்டது. ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

இதைக் கேட்டதும் நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். எத்தனை கோல், யார் போட்டது என்றெல்லாம் கேட்கமாட்டாய். "யாரு யாரு வந்தாங்க மச்சான்?" என்பாய். அந்தக் கடைசிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, ஆட்டம் முடிந்து நான் வந்தால் அதைத்தானே கேட்டாய்?

யாரும் வரவில்லை, மாப்பிள்ளை. துரை வந்தார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிமார்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல் நின்றார்கள்.

நம் காலத்தை நான் சர்க்கரைப் பொங்கலாக்கிச் சொல்லப்போவதில்லை. நாம் நன்றாக ஆடவில்லை. ஜெயித்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணலாம். பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே மண்ணில், வெறுங்காலோடு ஓடினோம். பனியனை மஞ்சளில் முக்கிப் போட்டுக்கொண்டு போய், மழை வந்ததும் பதினோரு பேருக்கும் தொடை வரை மஞ்சள் வழிந்த நாள் நினைவிருக்கிறதா? மூவார்க்காரர்கள் நம்மைப் பார்த்துச் சடங்கு வீடா என்று கேட்டார்கள். நீதான் கோல் காவல். அன்றைக்கு ஆறு விட்டாய். ஆறு விட்டவன் என்ற வெட்கம் துளிகூட இல்லாமல் ஆட்டம் முடிந்து அவர்களோடு சேர்ந்து நீயும் சிரித்தாய். எனக்குத்தான் எரிந்தது.

ஆனால் கூட்டம்! லயமே காலியாகிவிடும். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு வருவார்கள். அதற்குக் காரணம் உன் தலையில் உதித்த அந்தப் பந்து வீடு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு தோல் பந்து. அதை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, ஆபீஸில் வைக்கலாம் என்றேன் நான். "ஆபீஸ்ல வச்சா அது ஆபீஸ் பந்து. வீட்ல வச்சா நம்ம பந்து" என்றாய் நீ. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பந்து ஒரு வீட்டுக்குப் போகும். வாரம் முழுக்க அந்த வீட்டுக்காரர்கள் பொறுப்பு. ஈரம் துடைக்க வேண்டும், தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், தையல் விட்டிருந்தால் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குக் குடும்பத்தோடு கொண்டுவந்து நடுக்களத்தில் வைக்க வேண்டும். முதல் உதையும் அந்த வீட்டுக்குத்தான். விசில் ஊதுவதற்கு முன்னால் அவர்களில் யாராவது ஒருவர் உதைப்பார். அது ஆட்டத்தில் சேராது. ஆனாலும் சேலையைச் செருகிக்கொண்டு வந்து உதைத்த பெண்களுக்குக் கிடைத்த கைதட்டல் எனக்கோ உனக்கோ ஒருநாளும் கிடைத்ததில்லை.

பந்து போன வீட்டுக்காரர்கள் அந்த வாரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். யாரை முன்னால் விட வேண்டும், யாரை உட்காரவைக்க வேண்டும் என்று ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் வந்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "காத்தமுத்து அண்ணே, நீங்க இந்த வாரம் ஓடாதீங்க, முட்டி சரியில்ல" என்று வாளியை இறக்கிவைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். முட்டி உண்மையிலேயே சரியில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

ஒருமுறை பந்து வீட்டு ஆடு பந்தைக் கடித்துக் காற்றுப்பையைக் கிழித்துவிட்டது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் கத்தப் போனேன். நீ என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் தேங்காய் நாரையும் பந்துக்குள் திணித்துத் தைத்தாய். உதைத்தால் பந்து நகரவில்லை, கால்தான் வீங்கியது. ஏழு கோல் வாங்கினோம். அந்த வீட்டுக்காரரிடம் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஆடு நல்லா இருக்கா லா? தோலு வயித்துல நிக்காம பாத்துக்கங்க."

இப்போதைய குழு வேறு மாதிரி. புதுத் துரைக்குக் காற்பந்து என்றால் உயிர். பூட்ஸ் வந்திருக்கிறது, சட்டை வந்திருக்கிறது, புதுப் பந்து வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சின்னக் கிராணி ஒருவர் பயிற்சி கொடுக்கிறார். தங்கமான மனுஷன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நல்ல கால்களைத் தேடிப் பிடித்துவந்தார். களத்தைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. நான் செயலாளர். பந்து ஆபீஸ் அலமாரியில். சாவி என் இடுப்பில்.

போன மாதம் சின்னக் கிராணி என்னிடம் கேட்டார். "நல்லாத்தான் விளையாடுறம். ஆனா சனம் வருகுதில்லை. ஏன் அண்ணை?"

"வேலைக் களைப்பு, ஐயா" என்றேன்.

பொய். காரணம் எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிவருகிறேன்.

நீ போன பிறகு நடந்த முதல் ஆட்டம். பந்து அந்த வாரம் மாடசாமி வீட்டில். புகைவீட்டில் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் மாடசாமிதான். வாரம் முழுக்க அடைமழை. பந்து ஊறிக் கிடந்தது. மாடசாமி என்ன செய்தான் தெரியுமா? ஷீட்டு காய்கிற மாதிரி பந்தும் காயட்டும் என்று புகைவீட்டில் ஷீட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டுவிட்டான். இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை அவனும் அஞ்சலையும் களத்துக்குக் கொண்டுவந்தபோது தோல் அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. உள்ளே காற்றுப்பை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட வந்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிப் போனார்கள்.

உன் இடத்தில் அன்று நான் நின்றேன். என் தோளைப் பிடிக்க ஆள் இல்லை. எல்லார் முன்னாலும் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "ஒரு பந்த பாத்துக்கத் துப்பில்ல. இனிமே எந்த வீட்டுக்கும் பந்து போகாது!" அஞ்சலை வெடித்த பந்தை நடுக்களத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். முதலில் அவள் பின்னால் மாடசாமி போனான். பிறகு இரண்டு வீடு. பிறகு லயமே போனது. என் தங்கை, உன் வள்ளியும் போனாள்.

அன்றைக்குப் போனவர்கள்தான். இன்னும் திரும்பவில்லை.

போன ஞாயிறு கோப்பையோடு லாரியில் கத்திக்கொண்டே லயத்துக்குள் வந்தோம். ஒரு கதவு திறக்கவில்லை. எங்கள் சத்தம் எங்களுக்கே கூச்சமாகிப் போய் ஒவ்வொருவராக வாயை மூடினோம். வள்ளி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோப்பையை அவள் முன்னால் வைத்தேன்.

"ஜெயிச்சிட்டோம் வள்ளி."

அவள் நிமிரவில்லை. "யாரு ஜெயிச்சது, அண்ணே?" என்றாள்.

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் அலமாரியைத் திறந்து பந்தை எடுத்துக்கொண்டு மாடசாமி வீட்டுக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. துரை கொடுத்த பந்து அது. பெரிய கிராணிக்குத் தெரிந்தால் சாவியும் போகும், செயலாளர் வேலையும் போகும். போகட்டும். உள்ளே அடுப்படியில் அஞ்சலை சட்டி வைத்திருந்தாள். மாடசாமி என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அதுவே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாடசாமி, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்த ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு வேர்த்துவிட்டது.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கெடுக்கணும்னா தொங்க விட்டேன் அண்ணே? ராமையா அண்ணன் இல்லாம ஆடற மொத ஆட்டம். பந்து கல்லு மாதிரி இருக்கணும்னு நெனச்சேன். ரெண்டு நாளும் நெருப்பு ஏறாம பாத்துக்கிட்டு அங்கேயே கெடந்தேன்."

எனக்கு இது தெரியாது, மாப்பிள்ளை. உனக்காகச் செய்திருக்கிறான். அவனை ஊர் பார்க்க நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன் நான். அழுதுவிட்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அஞ்சலை மட்டும் அசையவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "திட்டினது களத்துல, எல்லார் முன்னாலயும். மன்னிப்பு மட்டும் எங்க வீட்டு அடுப்படிலயா?"

அலமாக்! அந்த வாயை நீ இருந்திருந்தால் குழுவுக்குத் தலைவியாக்கியிருப்பாய். நான் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"பந்த வச்சிட்டுப் போங்க" என்றாள். "ஞாயித்துக்கெழம கொண்டாறோம். நீங்க சொல்றத அங்க கேட்டுக்கறோம். கேட்ட பொறவுதான் பந்து கீழ எறங்கும்."

மாடசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. வருகிற ஞாயிறு தெப்ராவ் தோட்டத்துக்காரர்கள் ரயிலேறி வருகிறார்கள். துரை வருவார். இரண்டு கிராணிமார்களும் நாற்காலியில் இருப்பார்கள். பந்து ஏன் அலமாரியில் இல்லை என்று கேட்பார்கள். அவர்கள் எல்லார் முன்னாலும், நடுக்களத்தில் நின்று, புகைவீட்டு மாடசாமியிடமும் அவன் பெண்சாதியிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பந்து இல்லை, ஆட்டம் இல்லை. உனக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. அடுப்படியிலேயே அப்படி வேர்த்தது என்றால் களத்தில் எப்படி இருக்கும்?

இன்று காலை பெரட்டில் ஆளுக்கு ஆள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றது. வள்ளி காலையில் என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். மூன்று மணி என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு பால்வெட்டுக்குப் போனாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வருவாளா?

இந்தக் கடிதத்தை ஏன் ஊர் படிக்கட்டும் என்றேன் தெரியுமா? என்னை நான் நம்பவில்லை. ஏடு கைமாறி வந்து சேர்வதற்குள் ஞாயிறு வந்து போயிருக்கும். படிக்கிற யாரும் எங்கள் தோட்டத்து ஆளை எங்காவது பார்த்தால், காத்தமுத்து களத்தில் வாயைத் திறந்தானா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுப்படியில் சொன்ன அந்த ஒரு வரியைக் களத்திலும் சொல்வேன். முணுமுணுக்கமாட்டேன். கயிற்றுக்கு வெளியே கடைசியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, அன்றைக்கு எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில் சொல்வேன்.

அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று பிறகு உன் குழிமேட்டுக்கு வந்து சொல்கிறேன்.

உன் வள்ளியின் அண்ணன்,
உன் கோபக்கார மச்சான்
காத்தமுத்து